கையெழுத்துப் போட்டுக் கொடுக்கலாமா?

கேள்வி: வழக்கறிஞர் ஐயா, எனக்கு ஊர் கொடைக்கானல் மேல்மலை, பூம்பாறை பக்கம். மலைக்குக் கீழே ஒரு தனியார் மருத்துவமனையில், முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டப் பிரிவில் மூன்று வருடமாகக் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறேன். எங்கள் ஊர்ப் பக்கம் மருத்துவமனை இலவச முகாம் போட்டபோது, ஊர்ப் பெண் என்பதால் என்னைத்தான் முன்னால் நிறுத்தினார்கள். பூண்டுக் காட்டில் வேலையாக இருந்தவர்களைக்கூடக் கூப்பிட்டு, ரேஷன் கார்டு, காப்பீட்டு அட்டை நகல்களை வாங்கிக் கொடுத்தேன். அதில் ஒன்பது பேர் மலையை விட்டு இறங்கவே இல்லை. ஆனால் அவர்களை உள்நோயாளியாகச் சேர்த்து வைத்தியம் பார்த்ததாகப் பணம் வாங்கியிருக்கிறார்கள் என்று இப்போது வழக்கு. எல்லாப் பதிவும் என் யூசர் ஐடியில் இருக்கிறது. பாஸ்வேர்டை மேஜையிலேயே சீட்டில் எழுதி ஒட்டியிருக்கிறோம். நாலு பேர் அதைத்தான் பயன்படுத்துவோம். மூன்று பேருடைய பதிவு நடந்த நாளில் நான் குழந்தை வேலப்பர் கோயில் தேருக்கு ஊரில் இருந்தேன். போன வாரம் போலீஸ் நோட்டீஸ் வாட்ஸ்அப்பில் வந்தது. 'கவனக்குறைவால் செய்துவிட்டேன் என்று ஒரு கடிதம் எழுதிக் கொடு, மற்றதை நம் வக்கீல் பார்த்துக்கொள்வார்' என்கிறது நிர்வாகம். எழுதிக் கொடுக்கலாமா? என்னைக் கைது செய்வார்களா?

பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: எழுதிக் கொடுக்காதீர்கள். உங்கள் வழக்கில் இன்றைக்கு நீங்கள் எடுக்க வேண்டிய பெரிய முடிவு இதுதான்.

காரணம் சொல்கிறேன். குற்றத்தை ஒப்புக்கொண்டு போலீஸ் அதிகாரியிடம் ஒருவர் சொல்வதை அவருக்கு எதிராக நிரூபிக்க முடியாது. பாரதிய சாட்சிய சட்டம் 23-வது பிரிவு அதைத் தடுக்கிறது. விசாரணையில் போலீஸ் எழுதும் வாக்குமூலத்தில், சொன்னவரிடம் கையெழுத்து வாங்கவே கூடாது என்கிறது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா 181-வது பிரிவு. ஆனால் முதலாளிக்கு எழுதிக் கொடுக்கும் கடிதத்துக்கு இந்தப் பாதுகாப்பு எதுவும் கிடையாது. அது அப்படியே நீதிமன்றத்துக்கு வரும். 'செய்துவிட்டேன்' என்ற சொல் உங்கள் கையெழுத்தில் இருக்கும்போது, அதற்கு முன்னால் நிற்கும் 'கவனக்குறைவால்' என்பதை யார் கவனிப்பார்கள்?

அடுத்து நோட்டீஸ். அதில் எந்தப் பிரிவு போட்டிருக்கிறது என்று பாருங்கள். சுரக்ஷா சன்ஹிதாவின் 179 என்றிருந்தால் உங்களைச் சாட்சியாகக் கூப்பிடுகிறார்கள். பெண்ணைச் சாட்சியாக விசாரிக்க அவர் வசிக்கும் இடத்துக்குத்தான் போலீஸ் வர வேண்டும். ஸ்டேஷனுக்கு வரும்படி கட்டாயப்படுத்த முடியாது. 35(3) என்றிருந்தால் கதை வேறு. உங்கள் மீதே சந்தேகம் இருக்கிறது, ஆனால் உடனே கைது செய்யும் தேவை இல்லை என்று பொருள். சொன்ன நாளில் போய் நின்று ஒத்துழைத்தால், காரணத்தை எழுத்தில் பதிவு செய்யாமல் கைது செய்ய முடியாது. போகாமல் இருந்தால் அதுவே கைதுக்குக் காரணமாகிவிடும்.

இத்தகைய நோட்டீஸை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் அது முறையாகச் சார்பு செய்ததாகாது என்று உச்ச நீதிமன்றம் 2025 ஜனவரியில் சொல்லியிருக்கிறது. அதற்காக 'செல்லாது' என்று சும்மா இருந்துவிடாதீர்கள். வக்கீல் மூலம் ஒரு கடிதம் கொடுத்து, முறைப்படி நோட்டீஸ் கேளுங்கள். ஆஜராகத் தயார் என்றும் அதிலேயே எழுதுங்கள். எஃப்.ஐ.ஆர். நகலைத் தமிழ்நாடு காவல்துறை இணையதளத்திலிருந்து எடுத்துப் படித்துப் பாருங்கள். உங்கள் பெயர் இருந்தால் திண்டுக்கல் மாவட்ட அமர்வு நீதிமன்றத்திலோ, உயர் நீதிமன்ற மதுரைக் கிளையிலோ சுரக்ஷா சன்ஹிதாவின் 482-வது பிரிவில் முன்ஜாமீன் கேட்கலாம். மருத்துவமனை வேறு மாவட்டத்தில் இருந்தால் அந்த மாவட்ட அமர்வு நீதிமன்றத்துக்குப் போக வேண்டியிருக்கும்.

இனி வழக்கின் உள்ளே போவோம். 2024 ஜூலை 1-க்குப் பின் நடந்தது என்றால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 318(4) மோசடி, 336(3) போர்ஜரி, 340 போலி ஆவணத்தை அசலாகப் பயன்படுத்துதல், 61 கூட்டுச் சதி ஆகிய பிரிவுகள் வரும். அதற்கு முன் நடந்தது என்றால் பழைய 420, 468, 471, 120பி. மோசடிக்கும் போர்ஜரிக்கும் ஏழாண்டு வரை சிறை. ஏழாண்டுக்குள் முடியும் குற்றங்களில் எந்திரம் போலக் கைது செய்யக் கூடாது என்பது 2014-ல் வந்த அர்னேஷ் குமார் தீர்ப்பு. உங்கள் பயத்துக்கு அது ஓரளவு மருந்து.

இந்தப் பிரிவுகளில் பெரும்பாலானவற்றுக்கு உயிர்நாடி ஒன்றுதான்: தெரிந்தே செய்தாரா? ஏமாற்றும் எண்ணம் தொடக்கத்திலேயே இருந்திருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2000-லேயே சொல்லிவிட்டது. போலி ஆவணத்தை உருவாக்கியவரைத்தான் போர்ஜரிக்காகத் தண்டிக்க முடியும் என்று ஷீலா செபாஸ்டியன் வழக்கில் 2018-ல் தீர்ப்பளித்தது. அது மதுரைக் கிளையிலிருந்து போன வழக்கு. அப்படியானால் கேள்விகள் இவை: அந்த ஒன்பது பேரின் கேஸ் ஷீட்டை எழுதியது யார்? வைத்தியம் பார்த்ததாகக் கையெழுத்துப் போட்ட மருத்துவர் யார்? பரிசோதனை முடிவுகள் எங்கிருந்து வந்தன? பணம் யார் கணக்குக்குப் போனது? ஐந்து லட்சம் ரூபாய் வரை சிகிச்சைச் செலவை ஏற்கும் இந்தத் திட்டத்தில், முன் அனுமதி கேட்பது முதல் டிஸ்சார்ஜ் வரை தாள் மேல் தாள் சேரும். அத்தனையையும் மாதச் சம்பளத்துக்குப் பதிவேற்றும் ஒரு பெண் தனியாக உருவாக்கியிருக்க முடியாது.

பிழை வேறு, மோசடி வேறு. மத்திய தணிக்கைத் துறை 2023-ல் ஆயுஷ்மான் பாரத் மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தை ஆராய்ந்தபோது, 9999999999 என்ற ஒரே செல்போன் எண்ணில் 7,49,820 பயனாளிகள் பதிவாகியிருந்தது தெரிந்தது. ஏழரை லட்சம் பேரும் திருடர்கள் என்று யாரும் சொல்லவில்லை. கட்டத்தை நிரப்ப ஏதோ ஓர் எண்ணைத் தட்டியிருக்கிறார்கள்.

ஆனால் உங்களுக்கு எதிராக இருப்பதையும் சொல்ல வேண்டும். 2024 நவம்பரில் குஜராத்தில், கடி வட்டம் போரிசணா கிராமத்தில் இலவச முகாம் நடத்தி, 19 பேரை அகமதாபாத்துக்கு அழைத்துப்போய் ஆஞ்சியோகிராம் செய்தார்கள். ஏழு பேருக்கு ஸ்டென்ட் வைத்தார்கள்; இரண்டு பேர் இறந்துபோனார்கள். அந்த வழக்கில் மருத்துவர்களோடு, முகாமுக்கு ஆள் சேர்க்கும் பிரிவில் இருந்தவர்களும் கைதானார்கள். முகாமில் நகல் வாங்கியது நீங்கள் என்பது சின்ன விஷயம் அல்ல. நகல் எதற்கு என்று உங்களிடம் என்ன சொன்னார்கள், அந்த மக்களிடம் நீங்கள் என்ன சொன்னீர்கள் என்பதை நினைவிருக்கும்போதே தேதியோடு எழுதி, உங்கள் வக்கீலிடம் மட்டும் கொடுங்கள்.

தேர் நாள்தான் உங்கள் பக்கத்தின் பலமான சாட்சி. அன்றைய வருகைப் பதிவேடு, லீவு கேட்டு அனுப்பிய செய்தி, திருவிழாவில் எடுத்த போட்டோ, செல்போன் டவர் விவரம் எல்லாம் வேண்டும். கணினிப் பதிவு வந்தால் சாட்சிய சட்டத்தின் 63-வது பிரிவுச் சான்றிதழோடுதான் வர வேண்டும். எந்தக் கணினியிலிருந்து, எத்தனை மணிக்கு, எந்த இணைய முகவரியில் நுழைந்தார்கள் என்ற விவரத்தையும் எடுத்து வைக்கச் சொல்லி, உங்கள் வக்கீல் இப்போதே விசாரணை அதிகாரிக்கு எழுத்தில் கேட்கட்டும். நீங்கள் ஊரில் தேர் பார்த்துக்கொண்டிருந்தபோது உங்கள் ஐடி மட்டும் மலைக்குக் கீழே வேலை பார்த்திருந்தால், மற்ற ஆறு பதிவுகளின் மீதும் அந்தச் சந்தேகம் படியும்.

இரண்டு காரியம் செய்யாதீர்கள். செல்போனிலிருந்து எதையும் அழிக்காதீர்கள். சாட்சியமாகக் கூடிய மின்னணுப் பதிவை அழிப்பது நியாய சன்ஹிதாவின் 241-வது பிரிவில் தனிக் குற்றம். அந்த ஒன்பது பேரின் வீட்டுக்குப் போகாதீர்கள். நாளெல்லாம் முகம் பார்க்கும் சொந்த ஊர்க்காரர்கள், ஒரு வார்த்தை சொன்னால் என்ன என்று தோன்றும். அவர்கள் இப்போது சாட்சிகள். நீங்கள் அழுதுவிட்டு வந்தால்கூட, சாட்சியைக் கலைத்தார் என்று ஜாமீனை ரத்து செய்யக் கேட்பார்கள்.

மருத்துவமனை வக்கீலை நம்பியும் இருக்காதீர்கள். அவர் கெட்டவர் என்பதற்காகச் சொல்லவில்லை. 'ஊழியர் செய்த தவறு' என்பது நிர்வாகத்தின் தற்காப்பு. 'நிர்வாகம் சொன்னதைச் செய்தேன்' என்பது உங்களுடையது. ஒரே வக்கீல் இரண்டையும் எப்படி வாதாடுவார்? மருத்துவமனை பணத்தைத் திருப்பிக் கட்டினாலும், திட்டத்திலிருந்து நீக்கப்பட்டாலும் உங்கள் மீதான குற்றவழக்கு தானாக முடியாது. கையில் காசு இல்லையென்றால், சட்டப் பணிகள் ஆணையச் சட்டம் 12-வது பிரிவின்படி வருமானம் எவ்வளவு என்றாலும் பெண்களுக்கு இலவச வக்கீல் உண்டு. கொடைக்கானல் நீதிமன்றத்தில் வட்ட சட்டப் பணிகள் குழுவைக் கேளுங்கள். 15100 என்ற எண்ணிலும் பேசலாம்.

கடைசியாக, எனக்குச் சொல்லாத ஒன்று இருக்கலாம். அந்த ஒன்பதில் ஒன்றாவது பொய் என்று தெரிந்தே ஏற்றியிருந்தால், அதை உங்கள் வக்கீலிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள். முழு உண்மையைச் சொல்பவருக்கு மன்னிப்பு அளித்து அப்ரூவராக ஏற்கும் வழி சுரக்ஷா சன்ஹிதாவின் 343-வது பிரிவில் இருக்கிறது. பாதி உண்மை சொல்பவருக்கு எந்தப் பிரிவும் உதவாது.

அந்தப் பாஸ்வேர்டு சீட்டு இன்னும் மேஜையில் ஒட்டியிருக்கிறதா? நாளைக்கு இருக்கும் என்று சொல்ல முடியாது. வேலைக்குப் போகும்போது, மேஜையும் தெரியும்படி ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மருத்துவமனை ஃபைல் எதையும் மட்டும் வீட்டுக்குக் கொண்டுவந்துவிடாதீர்கள்.