ஊதியமும் வங்கிக் கணக்கும்

குமாரபாளையத்து விசைத்தறியில் வேலை பார்த்த என் தாத்தா, வாரக் கூலியை வேட்டி மடியில் முடிந்துகொண்டு வருவார். நூற்பாலையில் வேலை செய்யும் என் தாயாரின் ஊதியமோ நேரே வங்கிக்குச் செல்கிறது. 1936ஆம் ஆண்டு ஊதியப் பட்டுவாடாச் சட்டத்தில் 2017இல் செய்யப்பட்ட திருத்தம் இம்முறையை எளிதாக்கியது.

இதற்கு அலுவலகத்திற்குத் தேவையான வங்கி விவரங்கள் மூன்றே: பெயர், கணக்கு எண், ஐ.எஃப்.எஸ்.சி. குறியீடு. 11 இடங்கள் கொண்ட அக்குறியீட்டின் முதல் நான்கு எழுத்துகள் வங்கியையும், கடைசி ஆறு கிளையையும் காட்டும்.

ஒருமுறை படிவத்தில் அம்மா எழுதிய 7, அலுவலகத்தில் 1 ஆகப் பதிவாகிவிட்டது. அம்மாதச் சம்பளம் வரவில்லை. மளிகைக் கடன்தான் ஏறியது. வங்கி, எண்ணைப் பார்த்தே பணத்தை வரவு வைக்கிறது. ஆகவே எழுதியதைப் பாஸ்புத்தகத்துடன் ஒப்பிட்டுச் சரிபார்த்தல் வேண்டும்.

அலுவலகத்திற்கும் கடமை உண்டு. பாஸ்புத்தக நகல்களைப் பூட்டி வைக்க வேண்டும். கணக்கை மாற்றும்படி தொலைபேசியில் யாரேனும் கூறினால், உரியவரை நேரில் கண்டு கையொப்பம் பெற்ற பின்பே மாற்ற வேண்டும்.

தோழியரே! கணக்கு எண் பணம் உள்ளே வரும் வாசல். இரகசிய எண்ணும் ஓ.டி.பி.யும் பணத்தை வெளியே எடுக்கும் சாவி. சம்பளம் போடச் சாவி தேவையில்லை. அதைக் கேட்பவர் எவராயினும் கொடாதீர்! ஏமாந்துவிட்டால் உடனே 1930 என்ற எண்ணை அழையுங்கள். இதை இன்றே உங்கள் பெற்றோரிடம் கூறுங்கள்.