மீண்டும் மீண்டும் வரும் சீழ்க்கட்டிகள்

சித்தூர், திருப்பதி மாவட்டங்களில் கோடையை ஒட்டியே மாம்பழப் பருவமும் வருகிறது. அக்காலத்தில் உடலில் தோன்றும் கட்டிகளுக்கு மாம்பழச் சூடே காரணம் எனப் பலரும் கருதுவர். ஆனால், பெரும்பாலும் 'ஸ்டெஃபிலோகாக்கஸ் ஆரியஸ்' என்னும் நுண்ணுயிரே காரணமாகும். சீழில் இவ்வகைக் கிருமிகளின் பங்கை ஸ்காட்லாந்து அறுவை மருத்துவர் அலெக்சாண்டர் ஆக்ஸ்டன் 1880-இல் விளக்கினார்.

100 பேரில் ஏறத்தாழ 30 பேரின் மூக்கினுள் இக்கிருமி தீங்கின்றித் தங்கியுள்ளது. வியர்வையும் உராய்வும் மிகும்போது அது மயிர்க்கால் வழியே புகுந்து கட்டியை உண்டாக்குகிறது. கட்டி ஆறினாலும் மூக்கிலுள்ள கிருமி அழிவதில்லை. வீட்டார் ஒரே துண்டைப் பயன்படுத்தினால் பிறருக்கும் பரவுகிறது. சிலருக்கு அடிக்கடி கட்டி வருவதே நீரிழிவின் முதல் அறிகுறியாக அமைவதுண்டு. ஆதலின், அத்தகையோருக்கு இரத்தச் சர்க்கரைப் பரிசோதனை இன்றியமையாதது.

சிறு கட்டிக்கு வெந்நீர் ஒத்தடம் போதும். கட்டியைப் பிதுக்குதல் கூடாது; மூக்கு, மேலுதட்டுக் கட்டிகளைப் பிதுக்கினால் கிருமி மூளைவரை செல்லக்கூடும். பெரிய கட்டியை மருத்துவரே கீறிச் சீழை அகற்ற வேண்டும். திருப்பதி ரூயா அரசு மருத்துவமனை போன்ற இடங்களில் சீழைச் சோதித்து ஏற்ற மருந்தைத் தெரிவு செய்யலாம். மருத்துவர் கூறினால் மூக்கினுள் மியூபிரோசின் களிம்பு தடவலாம். மருத்துவரைக் கேட்காமல் மருந்தை இடையில் நிறுத்துதல் கூடாது.