வாவிக்கரைக்குக் குதிரைவீரர் வந்தார்களா?

கேள்வி: முன்னொரு காலத்தில் மட்டக்களப்பில் திமிலர் குலத்தாரை விரட்ட முக்குவர் குலத்தாருக்குத் துணை நின்றவர்கள் பட்டாணியர் என்று எங்கள் ஏறாவூரில் பெரியவர்கள் சொல்லுவார்கள். அப்படியானால் துருக்கர், மொங்கோலியர் போன்ற குதிரைவீரர்களின் வழிவந்தோர் மட்டக்களப்பிலும் இருக்கிறார்களா? அந்தப் பேரரசுகள் எப்படித் தோன்றின? நமக்கு எதை விட்டுப்போயின?

பதில்: குதிரைவீரர் இங்கே வந்ததற்குச் சான்று இல்லை. ஆனால் அவர்கள் கட்டிய பேரரசுகளின் கை நம் கடல்வரை நீண்டது. காரணத்தை அவை தோன்றிய விதத்திலேயே தேடவேண்டும். ஹங்கேரியிலிருந்து மஞ்சூரியாவரை நீளும் புல்வெளியில் பயிர்செய்ய மழை போதாது. ஆடும் குதிரையும் வளர்க்கப் புல் தாராளம். அங்கே மேய்ப்பன் ஒவ்வொருவனும் சிறுவயதிலிருந்தே சவாரிக்காரன், வில்லாளி. தானியம், பட்டு போன்றவற்றுக்கு மட்டும் உழுதுண்ணும் நாடுகளை எதிர்பார்க்க வேண்டும். அவற்றை வணிகத்தாலோ கொள்ளையாலோ திறையாலோ பெற்றுப் பங்கிடத் தெரிந்த தலைவன் பின்னால் குலங்கள் திரண்டன. வறுமை தாங்காமல் கிளம்பிய காட்டுக்கூட்டம் என்று பாடப்புத்தகங்கள் எழுதுவது எனக்கு ஏற்பில்லை. சீனா ஒரே பேரரசாக இணைந்த அதே தலைமுறையில்தான் அதன் வடக்கே சியோங்னு அரசு எழுந்தது. அடுத்த வீட்டில் பெரிய களஞ்சியம் இருந்தபோதுதான் புல்வெளியிலும் பெரிய அரசு உருவானது. கி.பி. 552இல் துருக்கர் அரசு வந்தது. 1206இல் செங்கிஸ் கான் என்று பட்டம் பெற்ற தெமூஜின், பழைய குலக்கட்டுகளை உடைத்துப் படையைப் பத்து, நூறு, ஆயிரம், பத்தாயிரம் என்று அடுக்கினார். குலத்தலைவனுக்குக் கட்டுப்பட்டவன் இப்போது படைத்தலைவனுக்குக் கட்டுப்பட்டான். அவருடைய பேரர்கள் காலத்தில் பாரசீகமும் சீனாவும் அவர்கள் கைக்குப் போயின. அத்தோடு பாரசீக வளைகுடாவும் சீனத் துறைமுகங்களும் சேர்ந்தே போயின.

நம் கதை அங்கிருந்துதான் தொடங்குகிறது. சீனாவின் சுவான்சௌ துறைமுகத்தில் ஒரு தமிழ்க் கல்வெட்டு கிடைத்திருக்கிறது. சக ஆண்டு 1203, சித்திரை மாதம்; அதாவது கி.பி. 1281. சம்பந்தப்பெருமாள் என்பவர் செகசைகானின் நலம் வேண்டி, அந்தக் கானின் ஆணைபெற்று, சிவனை எழுந்தருளச் செய்தார் என்கிறது அது. இந்தக் கான் குப்லாய் என்றே ஆய்வாளர் கொள்கின்றனர். செங்கிஸ் கானின் பேரனுக்காகத் தமிழர் ஒருவர் சைவப் பணி செய்கிறார்! மேற்குக் கடலிலும் இதே போக்குத்தான். பாண்டியருக்கு ஆண்டுதோறும் குதிரை அனுப்பிய கிஷ் தீவின் ஜமாலுத்தீன், மொங்கோலியருக்குக் கீழிருந்த பார்ஸ் மாகாணத்தின் வரியைக் குத்தகைக்கு எடுத்தவர். அவருடைய சகோதரர் தக்கியுத்தீன் பாண்டியரிடம் அமைச்சர். ஆண்டுக்கு 1,400 குதிரை, ஒன்றுக்கு 220 பொன் தினார், வழியில் செத்த குதிரைக்கும் பணம் உண்டு என்று வஸ்ஸாஃப் என்ற பாரசீக வரலாற்றாசிரியர் எழுதிவைத்திருக்கிறார். இலங்கையும் ஒதுங்கியிருக்கவில்லை. புத்தரின் பல்லும் பாத்திரமும் கேட்டு 1284இல் குப்லாய் தூதரை அனுப்பியதாக மார்க்கோ போலோ சொல்கிறார். அதற்கு முந்திய ஆண்டு, யாப்பஹுவவிலிருந்து ஆண்ட முதலாம் புவனேகபாகு வணிக உறவு நாடி எகிப்துக்குத் தூது விட்டான். கெய்ரோவில் அந்த ஓலையைப் படிக்க ஆளில்லை. தூதரே வாயால் சொல்லவேண்டியதாயிற்று. கேட்டுக்கொண்டிருந்த சுல்தான் கலாவூன் புல்வெளியில் பிறந்த கிப்சாக் துருக்கர், ஆயிரம் தினாருக்கு விலைபோன முன்னாள் அடிமை. ஆக, அந்தப் பத்தாண்டில் இந்தத் தீவு கிழக்கே பார்த்தாலும் மேற்கே பார்த்தாலும் எதிரில் இருந்தது புல்வெளிக்காரர் அரியணைதான்.

அப்படியிருந்தும் குதிரைப்படை ஏன் வரவில்லை? துணிவு குறைந்ததால் அல்ல, தீனி கிடைக்காததால். புல்வெளி வீரன் ஒருவனே பல குதிரைகளோடு போருக்குப் போவான், அத்தனையும் மேய்ந்தே வாழும். தமிழ்நாட்டில் குதிரைக்குச் சோறும் இறைச்சியும் சமைத்துக் கொடுத்தார்கள், குதிரைகள் செத்துமடிந்தன என்கிறார் மார்க்கோ போலோ. பாண்டியர் ஆண்டுதோறும் வாங்கிக்கொண்டே இருந்ததன் இரகசியமும் அதுவே. 1293இல் ஜாவாவுக்குக் கப்பலேறிப்போன குப்லாயின் படை திரும்பிவரத்தான் நேர்ந்தது. டில்லியின் துருக்க சுல்தான்கள் மொங்கோலியரை வடக்கிலேயே மறித்தார்கள். அந்த டில்லிப் படையே 1311இல் மாலிக் கபூர் தலைமையில் மதுரைவரை வந்தது. பின்னர் மதுரையில் ஒரு சுல்தான் ஆட்சியும் நடந்தது. ஆனால் இவர்கள் யாரும் பாக்கு நீரிணையைத் தாண்டி இங்கே ஆட்சி அமைக்கவில்லை. கார்த்திகை, மார்கழியில் வாவிக்கு மேற்கே படுவான்கரை வயல்களைப் பார்த்தவருக்கு இதை விளக்கவேண்டியதில்லை. முழங்கால்வரை சேறு, வாய்க்காலுக்கு வாய்க்கால் வெள்ளம். அந்த நிலத்தில் தோணிக்காரனே அரசன், குதிரைக்காரன் சுமை.

“அப்படியானால் எங்கள் பெரியவர்கள் பொய் சொன்னார்களா?” என்று கேட்பீர்கள். இல்லை. மட்டக்களப்பு மான்மியம் என்ற பழைய வரலாற்று நூலைச் சுற்றியும் ஊர்வாய்மொழியிலும் வழங்கும் இந்தக் கதையில், உள்ளூரார் சண்டையில் வெளியிலிருந்து வந்த முஸ்லிம்கள் ஒரு பக்கம் சேர்ந்து, பதிலுக்கு நிலமும் பெண்ணும் பெற்று அங்கேயே தங்கினார்கள் என்ற கரு எனக்கு நம்பத்தக்கதாகவே படுகிறது. கரையோர வணிகர் அரசியலில் இறங்குவது இந்துமாக்கடல் முழுவதும் நடந்ததுதானே. எனக்கு ஐயம் அவர்களுக்கு இடப்பட்ட பெயரில். பட்டாணியர் என்றால் ஆப்கானியர். துருக்கரோ மொங்கோலியரோ அல்லர். டில்லியில் ஆப்கானியரான லோதிகள் அரியணை ஏறியதே 1451இல். முகலாயரும் ஆர்க்காட்டு நவாப்புகளும் தமிழ்நாட்டில் படை நடத்திய பிற்காலத்தில்தான் பட்டாணி வீரன் என்பவன் தமிழர் வாயில் சாதாரணமாக அடிபட்டான். பழைய கதைக்கு அந்தப் புதிய பெயர் அப்போது ஒட்டியிருக்கலாம் என்பது என் கணிப்பு.

நீங்கள் புல்வெளி வழிவந்தோர் அல்லர் என்பதற்கு இதைவிட வலுவான சான்று உங்கள் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. ஏறாவூர், காத்தான்குடி, அக்கரைப்பற்று எங்கும் குடி என்னும் குலம் தாய்வழியாகவே வருகிறது. வீடும் வளவும் சீதனமாக மகளுக்குப் போகும். மாப்பிள்ளைதான் பெண்வீட்டுக்கு வருவார். பள்ளிவாசல் நிர்வாகத்தில் குடியின் பொறுப்பாளராக ஒரு மரைக்காயர், அயலூர்த் தமிழர் கோயிலில் அதேபோல் குடிக்கு ஒரு வண்ணக்கர். புல்வெளியில் நேர் எதிர். செங்கிஸ் கானின் ஆண்வழியில் பிறக்காதவன் கான் ஆகமுடியாது என்பதே அன்றைய வழக்கம். பாரசீகத்தையே பிடித்த தைமூர்கூட அந்த வம்சத்துப் பெண்ணை மணந்து, தன்னை அந்த வீட்டு மருமகன் என்று சொல்லிக்கொள்வதோடு நிறுத்திக்கொண்டார். நம் பக்கம் மருமகனானாலே பாதிக் காணி உறுதியாகிவிடும். பாவம், தைமூர் தவறான ஊரில் பெண்ணெடுத்தார். ஒருசில கூலிப்படைவீரர் வந்து தங்கியிருக்கக்கூடாதா என்று இன்னும் வாதாடலாம். தங்கியிருக்கலாம். ஆனால் பிள்ளைகள் தாயின் குடியில் சேர்ந்த பிறகு தகப்பனின் புல்வெளிக்கு அங்கே இடம் ஏது? தவிரவும், போர்த்துக்கேயர் துரத்திய முஸ்லிம்களில் சுமார் 4,000 பேரைக் கண்டி மன்னன் செனரத் 1626இல் மட்டக்களப்புப் பக்கம் குடியேற்றினான். இங்குள்ள சோனகரின், அதாவது முஸ்லிம்களின், முன்னோரைத் தேடுபவர் மத்திய ஆசியாவுக்கு முன் அந்தக் குடியேற்றத்தையும் கேரள, காயல்பட்டினக் கரைகளையும் பார்க்கவேண்டும்.

கண்ணுக்குத் தெரிகிற துருக்க மிச்சம் ஒன்று உண்டென்றால் அது சிவப்புத் தொப்பி; அதுவும் சுற்றிவளைத்து வந்ததுதான். துருக்க வம்சத்தவரான உதுமானிய சுல்தான் இரண்டாம் மஹ்மூத் 1820களில் அதைத் தம் படைக்கும் அலுவலர்க்கும் உரியதாக்கினார். 1883இல் பிரித்தானியர் இங்கே நாடுகடத்திய எகிப்தியத் தளபதி ஒராபி பாஷாவால் அது இலங்கை முஸ்லிம்களிடம் மதிப்புப் பெற்றது. 1905இல் வழக்கறிஞர் எம்.சி. அப்துல் காதர் அதை அணிந்து உயர்நீதிமன்றத்துக்கு வந்ததைத் தலைமை நீதிபதி லேயார்ட் ஆட்சேபித்தபோது முஸ்லிம்கள் கிளர்ந்தெழுந்தார்கள். 1925இல் துருக்கியே அதைச் சட்டம் போட்டுத் தடைசெய்தது. இங்கே அதன்பிறகும் பல ஆண்டுகள் மாப்பிள்ளைகள் அதை அணிந்துதான் கல்யாணப் படத்துக்கு நின்றார்கள்.