நடன மேடையில் நேரடி வீடியோ: சில குறிப்புகள்

அரங்கேற்றமோ ஆண்டு விழாவோ, ஆடுபவரைக் கேமராவில் பிடித்து அப்படியே பின்திரையில் காட்டுவது இப்போது சகஜம். கருவிகளை வாடகைக்கு எடுக்கும் முன் இவற்றைக் கவனியுங்கள்.

1. முழு உருவத்தைத் திரையில் காட்ட வேண்டாம். அது மேடையிலேயே தெரிகிறது. கடைசி வரிசைக்கு எட்டாத கண்ணையும் முத்திரையையும் மட்டும் பெரிதாக்குங்கள். மற்ற நேரங்களில் திரை இருட்டாகவே கிடக்கட்டும்.

2. ஜதி வரும்போது நேரடிப் படத்தை நிறுத்திவிடுங்கள். கேமரா, மிக்சர், புரொஜெக்டர் மூன்றும் ஆளுக்குக் கொஞ்சம் படத்தைத் தாமதப்படுத்தும். நொடிக்கு 25 பிரேம் என்றால் ஒரு பிரேமுக்கு 40 மில்லி நொடி. நான்கு பிரேம் பின்தங்கினாலே சலங்கைச் சத்தம் முன்னே, திரையில் கால் பின்னே என்றாகும். மூன்றாம் காலத்தில் தாளமே தப்பியதுபோல் தோன்றும். பழி நட்டுவாங்கம் செய்பவர் தலையில் விழும். பதம் போன்ற நிதானமான அபிநயத்தில் இது உறுத்தாது. ஒத்திகையில் கேமரா முன் கைதட்டிப் பாருங்கள், தாமதம் எவ்வளவு என்று தெரிந்துவிடும்.

3. புரொஜெக்டர் முன்பக்கம் இருந்தால் உயரக் கட்டுங்கள். ஆடுபவரும் திரையை விட்டு இரண்டு மூன்று மீட்டர் தள்ளி ஆடட்டும். இல்லாவிட்டால் நிழல் திரையில், படம் பட்டுப்புடவையில்.

4. பின்பக்கமிருந்து காட்டினால் நிழல் விழாது, ஆனால் இடம் வேண்டும். 1.5 த்ரோ ரேஷியோ உள்ள புரொஜெக்டர், 4 மீட்டர் அகலப் படத்துக்கு 6 மீட்டர் தள்ளி நிற்கும். ‘ரியர்’ அமைப்பைத் தேர்ந்தெடுக்க மறந்தால் இடம் வலமாகும். தில்லையில் இடக்கால் தூக்கியவர் உங்கள் திரையில் மதுரை வெள்ளியம்பலத்துக்காரராகிவிடுவார்!

5. முன்விளக்குகளைக் குறைத்துப் பக்கவிளக்குகளைக் கூட்டுங்கள். ஆடுபவர்மேல் வெளிச்சம் விழும், திரை வெளுக்காது.

6. திரையைப் பின்னால்தான் கட்ட வேண்டும் என்பதில்லை. 1979இல் அமெரிக்க நடன அமைப்பாளர் லூசிண்டா சைல்ட்ஸ் தம் ‘டான்ஸ்’ படைப்பில் மெல்லிய வலைத்திரையை ஆடுபவர்களுக்கு முன்னால் தொங்கவிட்டார். ஓவியர் சோல் லெவிட் முன்பே எடுத்த படம் அதில் ஓட, அதே அடவுகளை அதன் பின்னால் நிஜ மனிதர்கள் ஆடினார்கள். தாமதத் தொல்லையே இல்லாத வழி இது. ஆனால் ஆடுபவர் பதிவின் காலப்பிரமாணத்தை விட்டு நகர முடியாது. மனோதர்மத்துக்கு இடம் வேண்டுவோருக்குச் சரிவராது.

7. கேமராவில் ‘ஆட்டோ’ எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள். ஷட்டர் 1/50 இருந்தால் விளக்குகளின் சிமிட்டல் பெரும்பாலும் தெரியாது.

8. கேமராவின் பார்வையில் திரை விழக்கூடாது. விழுந்தால் படத்துக்குள் படமாக முடிவில்லாமல் நீளும். பக்கத் திரைச்சீலை ஓரமாக நிறுத்துங்கள்.

9. ஆடுபவர் வெறுங்காலோடு வருகிறார். ஒயர் எதுவும் மேடையின் குறுக்கே போகக்கூடாது.

10. மிக்சர் இயக்குபவர் பக்கத்தில் அந்த உருப்படியை ஆடத் தெரிந்த மாணவி ஒருத்தியை உட்கார வையுங்கள். “சஞ்சாரி வருது, முகத்துக்குப் போங்கண்ணா” என்று சொல்ல ஆள் வேண்டும்.