கிளிப்பைக் கழற்றும் நொதி

பத்தாம் வகுப்பில் மரபியல் நடத்தும்போது, "நரம்பு செல்லில் நரம்புக்கான ஜீன், தசை செல்லில் தசைக்கான ஜீன்" என்று பல ஆண்டுகள் சொல்லிவந்தேன். சென்ற ஆண்டு ஒரு மாணவி எழுந்தாள். "எல்லா செல்லும் ஒரே கருமுட்டையிலிருந்துதானே வந்துச்சு? மத்த ஜீன் எல்லாம் எங்க போச்சு சார்?"

தவறு என்னுடையது. மனிதரின் 4ஆம் குரோமோசோமில் உள்ள யுசிஎச்எல்1 என்ற ஒரே மரபணுவைக் கொண்டு பாடத்தைத் திருத்தினேன்.

செல்லில் அழிக்க வேண்டிய புரதங்களின் மேல் யுபிக்விட்டின் என்னும் சிறு புரதம் அடையாளமாக ஒட்டப்படுகிறது. அது வெறும் 76 அமினோ அமிலங்கள் கொண்டது. இந்த அழிப்பு முறையைக் கண்டறிந்த மூவருக்கு 2004இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. ஒட்டியதைக் கழற்றும் நொதிகளும் மனிதரில் ஏறத்தாழ நூறு உண்டு.

வகுப்பில் 40 துணி கிளிப்புகளை ஒரு டப்பாவில் வைத்தேன். காகிதத் துண்டுகள்தாம் புரதங்கள். ஒவ்வொன்றிலும் நான்கு கிளிப்புகளைச் சங்கிலியாக மாட்டி, புரோட்டியசோம் எனப் பெயரிட்ட கூடையில் போட வேண்டும். கூடையருகே ஒரு மாணவன் கிளிப்புகளைக் கழற்றி டப்பாவுக்குத் திருப்பினான். பிறகு அவனை உட்காரச் சொன்னேன். பத்தாவது காகிதத்தோடு டப்பா காலி! வேலை நின்றது, குப்பை மேசையில் குவிந்தது.

யுசிஎச்எல்1 நொதியின் முக்கியப் பணிகளுள் ஒன்று இந்தக் கையிருப்பைக் காப்பது. இம்மரபணு பழுதான எலிகளில் தனி யுபிக்விட்டின் குறைகிறது. நரம்பிழைகள் சிதைந்து நடை தள்ளாடுகிறது.

இனி மாணவியின் கேள்வி. கல்லீரல் செல்லிலும் இந்த மரபணு முழுமையாக இருக்கிறது. ஆனால் அங்கே அது பெரும்பாலும் படிக்கப்படுவதில்லை. நரம்பு செல்லிலோ ஓயாமல் படிக்கப்படுகிறது. மூளையின் கரையும் புரதத்தில் 1 முதல் 2 விழுக்காடு இந்த நொதியே. (முதிர்ந்த சிவப்பணுவில் உட்கரு இல்லை என்பதையும் மறக்காமல் சொல்லிவிடுங்கள், இல்லையெனில் அடுத்த கேள்வி அதுதான்.)

தலையில் அடிபட்டால் நரம்பு செல்களிலிருந்து இந்நொதி கசிந்து இரத்தத்துக்கு வருகிறது. இதனையும் ஜிஎஃப்ஏபி என்ற மற்றொரு மூளைப் புரதத்தையும் அளந்து, சி.டி. ஸ்கேன் தேவையா என முடிவெடுக்க உதவும் பரிசோதனைக்கு 2018இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. இதைச் சொன்னதும் பின்வரிசையும் நிமிர்ந்தது.

அந்த மாணவி விடவில்லை. "கல்லீரல்ல அதைப் படிக்காதேன்னு யார் சார் சொன்னது?" அதற்கு இன்னொரு பாடவேளை கேட்டிருக்கிறேன்.