ஜகாத்தும் பித்ராவும்: கிராம் கணக்கு அறிவோம்

மார்க்கக் கடமைகளில் சில, அளவோடு பிணைந்தவை. ஜகாத் நிறையைக் கொண்டு கடமையாகிறது. பித்ரா முகத்தலளவையைக் கொண்டு நிறைவேறுகிறது. அளவு பிசகினால் ஏழையின் பங்கு நம்மிடமே தங்கிவிடும். அளவையில் மோசம் செய்வோரை எச்சரித்து இறங்கிய ‘முதஃப்பிஃபீன்’ அத்தியாயத்தை (83) நாம் அறிவோம். ஆகவே கிராமும் லிட்டரும் வியாபாரிகள் மட்டும் அறிய வேண்டியவை அல்ல.

நம் நாட்டில் 1956ல் சட்டம் இயற்றப்பட்டு, 1958 முதல் மெட்ரிக் எடைகள் படிப்படியாகப் புழக்கத்திற்கு வந்தன. சேரும் வீசையும் கடைகளை விட்டுப் போயின. ஆனால் மார்க்கச் சட்ட விளக்கங்களில் தோலாக் கணக்கு இன்றும் வருகிறது.

தங்கம், வெள்ளி

தங்கத்தின் நிஸாப் 20 மிஸ்கால். வெள்ளிக்கு 200 திர்ஹம். நம் நாட்டு ஹனஃபி உலமாக்கள் பலர் இவற்றை முறையே 7½ தோலா, 52½ தோலா என்பர். ஒரு தோலா 11.664 கிராம். எனவே தங்கம் 87.48 கிராம், வெள்ளி 612.36 கிராம். மிஸ்காலை 4.25 கிராமாகக் கொள்வோர் தங்கம் 85 கிராம், வெள்ளி 595 கிராம் என்பர்.

தியாகராய நகர் உஸ்மான் சாலையில் பேச்சு பவுனில் நடக்கும்; ரசீது கிராமில் வரும். ஒரு பவுன் 8 கிராம். ஆக 85 கிராம் என்பது 10 பவுனும் 5 கிராமும், 87.48 கிராம் என்பது 11 பவுனுக்கு அரை கிராம் குறைவு.

ரசீதைப் பார்க்கும்போது இரண்டைக் கவனியுங்கள். கல்லின் எடையைக் கழியுங்கள். சேதாரத்தைச் சேர்க்காதீர்கள், அதற்குப் பணம் கொடுத்தோமே தவிர, அது நகையில் இல்லை.

உதாரணமாக, ஜகாத் கடமையான நகை 12 பவுன் என்றால் 96 கிராம். நாற்பதில் ஒரு பங்கு 2.4 கிராம். அன்றைய விலைப்படி அதன் மதிப்பைக் கொடுக்கலாம்.

அணியும் நகைக்கு ஜகாத் உண்டா என்பதில் ஹனஃபி, ஷாஃபிஈ மத்ஹபுகள் வேறுபடுகின்றன. ஹனஃபி மத்ஹபில் தங்கத்தோடு ரொக்கமும் வெள்ளியும் சேர்த்துக் கணக்கிடப்படுவதால், பத்துப் பவுனுக்குக் குறைவாக இருப்பவர் மீதும் ஜகாத் கடமையாகலாம். உங்கள் ஆலிமிடம் கேட்டுத் தெளிவு பெறுங்கள்.

பித்ரா

ஒரு ஸாஉ என்பது நான்கு முத்து. இது எடையல்ல, கொள்ளளவு. ஹனஃபி மத்ஹபின் ஸாஉ 8 ராத்தல். ஷாஃபிஈ மத்ஹபில் 5⅓ ராத்தல். பள்ளிவாசலுக்குப் பள்ளிவாசல் அறிவிப்பு மாறுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. ஆனால் ஒரு லிட்டர் அரிசி சுமார் 800 கிராம்தான். ஆகவே அறிவிப்பு கிலோவில் இருந்தால் தராசில் நிறுங்கள். லிட்டரில் இருந்தால் லிட்டர் அளவையால் அளங்கள். வீட்டிலுள்ள பழைய படியை நம்ப வேண்டாம். படி ஊருக்கு ஊர் வேறுபட்டிருந்தது.

ரமலான் வருமுன் தாய்மார்கள் ஒரு நோட்டில் ஒவ்வொரு நகையையும் கிராமில் எழுதி வைப்பது நலம். கணக்குத் தெளிவானால் கடமையும் தெளிவாகும். அல்லாஹ் தௌஃபீக் செய்வானாக! ஆமீன்.