ஆப்பிள் மடிக்கணினியில் விண்டோஸ் இயங்குமா?

மேல்படிப்பில் கணினி அறிவியல் பயில விரும்புவோர் நம்மில் பலர். சிலர் வீட்டில் அண்ணனோ அக்காளோ பயன்படுத்திய ஆப்பிள் மடிக்கணினி இருக்கும். "கல்லூரியில் விண்டோஸ் அல்லவா கேட்பார்கள்!" என்றெண்ணி, பெற்றோர் கடன் வாங்கியேனும் புதியதொன்றை வாங்க முற்படுவர். அந்தச் செலவு தேவைதானா? ஆராய்ந்து பார்ப்போம்.

கணினியின் மூளை எனப்படுவது பிராசசர். ஒவ்வொரு வகைப் பிராசசருக்கும் தனிமொழி உண்டு. விண்டோஸ் மென்பொருள்களுள் பெரும்பாலானவை இன்டெல் வகையின் மொழியில் அமைந்தவை. 2006-ஆம் ஆண்டு ஆப்பிள் நிறுவனம் தன் கணினிகளில் இன்டெல் பிராசசரைப் பொருத்தத் தொடங்கியது. அவ்வாண்டே 'பூட் கேம்ப்' என்னும் வசதியையும் அளித்தது. அதன் துணையால் வட்டில் ஒரு பகுதியை ஒதுக்கி, விண்டோஸை நேரடியாக நிறுவலாம். ஆனால் 2020 நவம்பரில் வந்த 'எம் 1' ஏ.ஆர்.எம். வகையைச் சேர்ந்தது. அதன் மொழியே வேறு. ஆகவே அதிலும் அதற்குப் பின் வந்த எம் வரிசையிலும் பூட் கேம்ப் இல்லை.

அப்படியாயின் வழியே இல்லையா? உண்டு. 'மெய்நிகர் கணினி' என்பது ஒரு கணினிக்குள் மென்பொருளால் அமையும் மற்றொரு கணினி. பேரலல்ஸ், வி.எம்.வேர் ஃபியூஷன், யு.டி.எம். ஆகியவை இதனை அமைத்துத் தருவன. அதனுள் ஏ.ஆர்.எம். வகைக்கான விண்டோஸ் 11 இயங்கும். தெலுங்குக் கடிதத்தை ஒருவர் தமிழில் சொல்லிக்கொண்டே வருவதுபோல, இன்டெல் மொழி மென்பொருள்களை இந்த விண்டோஸ் தானே பெயர்த்து இயக்குகிறது. மைக்ரோசாஃப்டின் 'விஷுவல் ஸ்டுடியோ'வுக்கோ 2022 நவம்பர் முதல் ஏ.ஆர்.எம். பதிப்பே உள்ளதால், அதற்கு இந்த மொழிபெயர்ப்பும் வேண்டுவதில்லை.

குறைகளும் இல்லாமல் இல்லை. ஒரே வீட்டில் இரு குடும்பங்கள் குடியிருந்தால் இடம் பங்கிடப்படும் அல்லவா? அவ்வாறே நினைவகத்தை இரு இயங்குதளங்களும் பகிர்ந்துகொள்ளும். 8 ஜி.பி. மட்டும் இருந்தால் வேகம் குன்றும். எம் வரிசை மடிக்கணினிகளில் நினைவகத்தைப் பின்னர் கூட்டவும் இயலாது. இன்டெல் வகைக்கு மட்டும் எழுதப்பட்ட டிரைவர்கள் இயங்கா. அவற்றை நம்பிய கருவிகளை இணைத்துப் பயன்படுத்த முடியாது. விண்டோஸுக்கு உரிமம் பெறுவதும் தனிச்செலவே.

இவற்றினும் முதலில் கேட்க வேண்டிய வினா ஒன்றுண்டு: விண்டோஸ் உண்மையிலேயே தேவையா? சி, சி++, ஜாவா, பைத்தான் ஆகியவற்றை ஆப்பிள் கணினியிலேயே நேராகப் பயிலலாம். 'விஷுவல் ஸ்டுடியோ கோட்' என்னும் இலவச எழுதுகருவியும் அதில் இயங்கும். சி ஷார்ப் மொழிக்கு அடிப்படையான டாட்நெட் கூட, 2016 முதல் ஆப்பிள் கணினிக்கும் கிடைக்கிறது. விண்டோஸ் திரைக்கென்றே அமையும் 'விண்டோஸ் ஃபார்ம்ஸ்' போன்றவற்றை இயக்கிப் பார்க்கவே விண்டோஸ் கட்டாயம் வேண்டும்.

ஆகவே தோழியரே, கடைக்குச் செல்லுமுன் மூன்றைக் கேட்டறியுங்கள். பாடத்திட்டம் கோரும் மென்பொருள் எது? நம் கணினியில் உள்ள பிராசசர் எது? நினைவகம் எவ்வளவு? முதல் வினாவிற்குக் கல்லூரி விடை தரும். மற்ற இரண்டிற்கும், திரையின் இடப்பக்க மேல்மூலையிலுள்ள ஆப்பிள் சின்னத்தை அழுத்தி, 'இந்த மேக் பற்றி' என்னும் பொருள்படும் முதல் வரியைத் திறந்தால் விடை கிடைக்கும். ஆழமறிந்து காலை விடுவதே அறிவுடைமை. பெற்றோர் வியர்வை சிந்தி ஈட்டிய பணத்தைக் காப்பதும் நம் கல்வியின் பயன்களுள் ஒன்றன்றோ!